வை-ஃபை பழுதும் பாடபேதமும்

தமிழ் படித்தவனுக்குக் கம்பியில்லா இணையத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஒரு குற்றவுணர்வுதான் என்னை இதை எழுத வைக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐப்பசி மாதத்து மாலை. திருவண்ணாமலையில் நான் பணிபுரியும் கல்லூரியில் (பெயர் வேண்டாம், தமிழகத்தின் பாதிக் கல்லூரிகளுக்கு இக்கதை பொருந்தும்) தமிழ்த்துறைத் தாழ்வாரத்தில் முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி மடிக்கணினியோடு அமர்ந்திருந்தாள். சவ்வாது மலையைச் சேர்ந்தவள். கையிலிருந்தது அவளுடைய அண்ணன் மேல்நிலைப் பள்ளியில் படித்தபோது அரசு கொடுத்த கணினி. உதவித்தொகை விண்ணப்பத்துக்கு அன்றே கடைசி நாள்.

"ஐயா, வை-ஃபை முழுசாக் காட்டுது. ஆனா ஒரு பக்கமும் திறக்க மாட்டேங்குது."

நான் எட்டிப் பார்த்தேன். விசிறி போன்ற அந்தக் குறி முழுமையாகத்தான் இருந்தது. "பழைய மெஷின்மா, அதான்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். அவள் பேருந்து நிலையத்தருகே ஓர் இணைய மையத்தில் காசு கொடுத்து விண்ணப்பத்தை அனுப்பியிருக்கிறாள். அதற்குள் மலைக்குப் போகும் கடைசிப் பேருந்து போய்விட்டது. அன்றிரவு தோழி வீட்டில் தங்கினாள். இதெல்லாம் மறுநாள் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குறையாகக்கூடச் சொல்லவில்லை, வராத பாடத்துக்கு விளக்கம் சொல்வதுபோலச் சொன்னாள்.

இரண்டு வாரங்கள் கழித்து இயற்பியல் துறை நண்பர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவர் அவளுடைய கணினியை வாங்கி ஐந்து நிமிடம் பார்த்தார். "மெஷினுக்கு ஒன்றுமில்லை சார். ரூட்டரிடம் முகவரி தீர்ந்துபோயிருக்கிறது" என்றார். இணையத்துக்கு முகவரி என்றால் என்ன, அது எப்படித் தீரும் என்று நான் கேட்க, அவர் நம் ஊர் உதாரணத்தையே எடுத்தார்.

பௌர்ணமி அன்று மாட வீதிப் பக்கம் ஒரு விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். நூறு அறை. வருகிறவருக்கெல்லாம் ஒரு சாவி. கிரிவலம் முடித்தவர் சாவியைத் திருப்பித் தராமலே ஊருக்குப் போய்விடுகிறார். விடுதிக்காரரோ, 24 மணி நேரம் கழியும்வரை அந்த அறையை வேறு யாருக்கும் தருவதில்லை என்று விதி வைத்திருக்கிறார். அறைகள் பாதிக்குமேல் காலி. ஆனால் வாசலில் வந்து நிற்பவருக்கு இடமில்லை. ரூட்டரும் இப்படித்தான். இணையும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண்ணைக் கொடுக்கிறது. வீட்டுக்கென்று செய்யப்பட்ட ரூட்டர்கள் பலவும், வாங்கியபடியே வைத்தால், நூறு சொச்சம் எண்களைத்தான் வைத்திருக்கும். விரித்தாலும் வழக்கமான அமைப்பில் 253க்கு மேல் போகாது. காலையில் வாசலைத் தாண்டும்போதே மாணவர்களின் சட்டைப் பையிலுள்ள கைபேசிகள் தாமாக இணைந்து ஆளுக்கொரு சாவியை வாங்கிக்கொள்கின்றன. மதியத்துக்குள் சாவி தீர்ந்துவிடுகிறது. அதன்பின் வரும் மடிக்கணினி ரூட்டரின் குரலைத் தெளிவாகக் கேட்கிறது, ஆகவே குறி முழுமையாக நிற்கிறது. எண் மட்டும் கிடைக்காது. கிடைக்காதபோது அது தானாகவே 169.254 என்று தொடங்கும் ஓர் எண்ணைச் சூட்டிக்கொள்ளும், திண்ணையில் படுத்துக்கொண்டு அதையே முகவரியாகச் சொல்பவரைப்போல. அந்த எண்ணைப் பார்த்துத்தான் நண்பர் பழுதைக் கண்டுபிடித்தார்.

அந்த 24 மணி நேரத்தை ஒரு மணி நேரமாகக் குறைப்பதும், எண்களின் வரம்பை விரிப்பதும் தவிர வேறு மருந்து தேவைப்படவில்லை. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டு கட்டங்களை மாற்றுவது. செலவு இல்லை. இதற்காகத்தான் ஒரு பெண் ஓர் இரவு வீடு திரும்பாமல் இருந்தாள். நான் பழியை அவள் அண்ணனின் கணினிமேல் போட்டேன்.

நிற்க. தவறு என்னுடையது மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இணைப்பு அறுந்தால் 'உன் சிஸ்டம் பழசு' என்று சொல்வது நம் கல்லூரிகளில் ஒரு மரபாகவே ஆகிவிட்டது. இந்த மரபு யாரைத் தண்டிக்கிறது என்று பாருங்கள். புதுக் கணினி வைத்திருப்பவனிடம் எவரும் அப்படிச் சொல்வதில்லை. அவனுக்குக் கைபேசியிலும் இணையம் உண்டு, வீட்டிலும் உண்டு. அண்ணனோ அக்காவோ வைத்திருந்த கணினியைத் தூக்கிக்கொண்டு தண்டராம்பட்டிலிருந்தும் செங்கத்திலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் வருகிறவர்களுக்குக் கல்லூரி வளாகமே இணையம். அவர்களிடம் போய் 'உன்னிடம்தான் குறை' என்கிறோம். அவர்களும் நம்பிவிடுகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்களுக்கு, எது நடக்காவிட்டாலும் தம்மிடம்தான் குறை என்று நம்பப் பழக்கம் உண்டு.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. கொரோனா காலத்தில், 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, கல்லூரி மாணவர்கள் 9 லட்சத்து 69 ஆயிரம் பேருக்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு அட்டை அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் வந்த நிதிநிலை அறிக்கை, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தரப்படும் என்றது. கருவிக்கு ஆள் இருக்கிறது. தரவுக்கும் ஒருமுறை ஆள் இருந்தது. வளாகத்துக்குள் வரும் கம்பியின் முனைக்கும் மாணவியின் மடிக்கும் இடையிலுள்ள நூறு அடிக் காற்றுவெளிக்குத்தான் ஆள் இல்லை. நாக் குழுவுக்காக நாங்கள் நிரப்பிய படிவங்களில் வை-ஃபை வசதி பற்றியும், இணைப்பு எத்தனை எம்.பி.பி.எஸ். என்றும் கேள்விகள் இருந்தன. மதியம் மூன்று மணிக்கு எத்தனை மாணவர்களால் ஒரு பக்கத்தைத் திறக்க முடிகிறது என்று எந்தக் கட்டத்திலும் கேட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையை எழுதியிருப்போமா என்பது வேறு விஷயம்.

இந்த நூறு அடிக் காற்றுவெளியின் வரலாறு தொடங்கியதே ஒரு பல்கலைக்கழகத்தில்தான். ஹவாய்ப் பல்கலைக்கழகம் தீவுகளில் சிதறிக் கிடப்பது. அங்கே நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரின் குழு 1971இல் அலோகாநெட் என்ற வானொலி வலையமைப்பை இயக்கிக் காட்டியது. எல்லோருக்கும் ஒரே அலைவரிசை. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசி இரண்டு பேச்சும் கெட்டுப்போனால், ஆளுக்கு ஏதோ ஒரு கணக்கற்ற இடைவெளி பொறுத்து மறுபடி பேசவேண்டும், அவ்வளவே விதி. கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், இப்படி நடத்தினால் அதிகபட்சம் 18 விழுக்காட்டு நேரம்தான் உருப்படியாகப் பயன்படும் என்று கண்டார்கள். எங்கள் துறைக் கூட்டங்களுக்கும் இந்த விழுக்காடு பொருந்தும் என்பது என் துணிபு. பின்னால் வந்த வை-ஃபை, பேசுவதற்கு முன் காதுகொடுத்துக் கேள், வேறு யாரும் பேசவில்லையென்றால் பேசு என்ற ஒழுங்கைச் சேர்த்துக்கொண்டது.

இந்த ஒழுங்குக்கும் ஓர் ஓட்டை உண்டு. அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஊரைவிட நல்ல இடம் கிடையாது. கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உச்சியில் மகாதீபம் எரிகிறது. நகரத்திலிருந்து பார்ப்பவருக்கும் தெரிகிறது, மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலையில் நிற்பவருக்கும் தெரிகிறது. ஆனால் இவ்விருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது; நடுவே மலை. தாழ்வாரத்தின் இரு கோடிகளில் இருக்கும் இரண்டு மடிக்கணினிகள் அப்படிப்பட்டவை. நடுவிலுள்ள ரூட்டரை இரண்டும் கேட்கின்றன, ஒன்றையொன்று கேட்பதில்லை. மற்றவர் பேசவில்லை என்று எண்ணி இரண்டும் ஒரே நேரத்தில் பேசுகின்றன. ரூட்டரின் காதில் இரண்டும் குழம்பி விழுகின்றன.

தீபத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நமக்கு அது தெரிகிறது என்பதால், நாம் கையில் ஏந்தியிருக்கும் அகல்விளக்கு உச்சியிலிருப்பவருக்குத் தெரியும் என்றாகாது. திரையிலுள்ள விசிறிக் குறி, ரூட்டரின் குரல் நமக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. நம் குரல் அதற்குக் கேட்கிறதா என்பதை அது சொல்வதேயில்லை. கூரையிலிருக்கும் கருவி உரத்த குரலில் பேசக்கூடியது. மடிக்கணினியின் குரலோ பெரும்பாலும் அதைவிட மெல்லியது. குறி முழுமையாக இருந்தும் பக்கம் திறக்காததற்கு இதுவும் ஒரு காரணம். 'முழுசாக் காட்டுதே' என்று மாணவர்கள் வியப்பதும், முழுசாகத்தானே காட்டுகிறது என்று நாம் கைவிரிப்பதும் அந்தக் குறியைத் தவறாகப் படிப்பதால் வருவது.

தவறாகப் படிப்பது என்றதும் என் தொழிலுக்கு வந்துவிடுகிறேன். நண்பர் பழுது தேடிய முறையை அருகிலிருந்து பார்த்தபோது, இதை எங்கோ படித்திருக்கிறோமே என்று தோன்றியது. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததைப் பாடமாக நடத்துகிறோம். ஊர் ஊராக ஏடு தேடினார், ஒப்பிட்டார் என்று மாணவர்கள் தேர்வில் எழுதிவிடுகிறார்கள். எதற்காக ஒப்பிட்டார்? பிழை எங்கே புகுந்தது என்று அறிய. ஒரே ஓர் ஏட்டில் மட்டும் சொல் திரிந்திருந்தால் அதைப் படியெடுத்தவரின் கை பிசகியது. ஒரு கூட்டம் ஏடுகளில் ஒரேமாதிரி திரிந்திருந்தால் அவற்றுக்கெல்லாம் தாயான ஏட்டிலேயே பிழை. கிடைத்த எல்லாவற்றிலும் இருந்தால் இன்னும் மேலே போகவேண்டும்.

நண்பரும் வேறெதுவும் செய்யவில்லை. அதே திண்ணையில் வேறொரு கணினியை வைத்தார், அதுவும் இணையவில்லை. ஆக, பிழை ஏட்டிலில்லை. அவளுடைய கணினியை ரூட்டருக்கு நேர்கீழே கொண்டுபோனார், அங்கும் இணையவில்லை. ஆக, தூரமும் சுவரும் காரணமல்ல. ஒரு கம்பியை எடுத்து, வெளியிலிருந்து வரும் இணைப்பை நேராகத் தன் கணினியில் செருகினார்; பாய்ந்துகொண்டு வந்தது. ஆக, ஊரிலிருந்து வரும் இணைப்பிலும் பிழையில்லை. மிஞ்சியது நடுவிலிருந்த பெட்டி. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றினார். நாம் என்ன செய்வோம்? கணினியை அணைத்துப் போடுவோம், இடம் மாறுவோம், ரூட்டரையும் அணைத்துப் போடுவோம், எல்லாவற்றையும் ஒரே மூச்சில். ஏதோ ஒன்றால் சரியாகும். எதனால் என்று தெரியாது. நாளை மறுபடி கெடும்.

இந்த முறையைக் கையிலெடுத்துக்கொண்டு அரையாண்டாக நாங்கள் இருவரும் வளாகத்தைச் சுற்றியதில் கண்டவை சுவையானவை. நூலகத்தின் சன்னல்களுக்குக் குரங்குகளுக்காகக் கம்பிவலை அடித்திருக்கிறது. வை-ஃபையின் பழைய அலைவரிசையான 2.4 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், அரைச் சாணுக்குக் கொஞ்சம் அதிகம். வலைக்கண்ணோ அரை அங்குலம். குரங்கு நுழையாத வலையில் அலையும் எளிதில் நுழைவதில்லை, பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. உள்ளே ரூட்டர், வெளியே வேப்பமர நிழலில் மாணவர்கள். (குரங்குகளுக்கும் இணையத்துக்கும் ஏதோ பகை இருக்கவேண்டும். 2015இல் காசியின் படித்துறைகளில் இலவச வை-ஃபைக்காகப் போட்ட கண்ணாடி இழைக் கம்பிகளைக் குரங்குகள் கடித்துத் தின்றதாக ராய்ட்டர்ஸ் செய்தி வந்தது. கோயில் நகரத்தில் எதைப் போட்டாலும் முதலில் குரங்கைக் கேட்டுக்கொண்டு போடவேண்டும்.)

இன்னொரு மாணவனின் கணினி எந்தத் தளத்தையும் பாதுகாப்பற்றது என்று மறுத்துக்கொண்டே இருந்தது. உள்ளிருக்கும் பொத்தான் மின்கலம் செத்து, ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விட்டிருக்கிறது. தளங்களின் சான்றிதழ்களுக்குக் காலவரையறை உண்டு. இன்னும் பிறக்காத சான்றிதழை அந்தக் கணினி எப்படி நம்பும்? தேதியைத் திருத்தியதும் திறந்தது. வேறொன்று, மின்செருகியைப் பிடுங்கியதும் சில நிமிடங்களில் இணைப்பை விட்டுவிடும். மின்சாரம் சேமிக்க வை-ஃபை அட்டையைத் தூங்கவைக்கும் அமைப்புதான் காரணம். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் மூன்றும் 6ஆம் தடத்திலேயே கத்திக்கொண்டிருந்தன. ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 என்று பிரித்துவைத்தபின் ஆய்வகத்தில் அமைதி. ஒரு முறை நிர்வாகம் 5 கிகாஹெர்ட்ஸ் ரூட்டர் வாங்கித் தந்தது. நல்ல எண்ணம்தான். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அந்த அலைவரிசையைக் கேட்கும் காதே கிடையாது. பெயர்ப் பட்டியலில்கூட அது தோன்றாமல் மாணவர்கள் திகைத்தார்கள்.

இவற்றில் மின்கலத்தைத் தவிர எதற்கும் பணம் தேவைப்படவில்லை. கொஞ்சம் நேரமும், இது யாருடைய வேலை என்ற தெளிவும் தேவைப்பட்டன. அந்தத் தெளிவுதான் எங்கும் இல்லை. கணினித் துறை, ஆய்வகம் மட்டுமே தன் பொறுப்பு என்கிறது. அலுவலகம், மாதக் கட்டணம் கட்டுவதோடு தன் வேலை முடிந்தது என்கிறது. இணைப்பு கொடுத்தவர் கம்பிமுனை வரைக்கும்தான். மரத்தடியில் அமர்ந்திருக்கும் மாணவி இந்த மூவருக்கும் வெளியே இருக்கிறாள்.

மூத்த ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். "எல்லார் கையிலும் போன் இருக்கு. 2016இல் ஜியோ வந்ததோடு வை-ஃபை கதை முடிஞ்சுபோச்சே. இன்னும் எதுக்குய்யா இதைக் கட்டிக்கிட்டு அழறீங்க?" கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அன்றைய தரவு தீர்ந்துபோன கைபேசியை அவர் பார்த்ததில்லை. பௌர்ணமியிலும் தீபத் திருவிழாவிலும் வெளியூரிலிருந்து லட்சக்கணக்கானோர் வந்து இறங்கும்போது கைபேசிக் கோபுரங்கள் திணறுவதை அவரும் பார்த்திருக்கிறார். அன்றைக்கும் விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் வருவதுண்டு. கைபேசியிலிருந்து கணினிக்கு இணைப்பு எடுத்தால் ஒவ்வொரு கைபேசியும் ஒரு குட்டி ரூட்டராகி, இருக்கிற இரைச்சலில் தானும் சேர்ந்து கத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேல், நம் மாணவர்கள் படிக்கவேண்டியது கைபேசித் திரையில் படிக்கக்கூடியதல்ல. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் நம்பித்தான் முதுகலை ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. சங்க இலக்கியத் தொகை நூல் ஒன்றின் மூலம் முழுவதும் எழுத்துவடிவில் ஒரு திரைப்படப் பாடலின் காணொளியைவிடச் சிறிய கோப்பு. அதைத் தர முடியாத வளாகம் வேகத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அடுத்த முறை பணம் வரும்போது இன்னொரு ரூட்டர் வாங்குவதற்கு முன், நூலக மேசைகளுக்குக் கம்பி இழுக்கவேண்டும். ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்து படிப்பவனுக்குக் காற்று எதற்கு? கம்பிக்குக் குரங்கும் எலியும் தவிர எதிரி இல்லை. மேசையில் இருப்பவர்கள் கம்பிக்குப் போய்விட்டால் மரத்தடியில் இருப்பவர்களுக்குக் காற்றில் இடம் கிடைக்கும். இன்னொன்று: இந்தப் பொறுப்பை ஓர் ஆசிரியரின் பணிநேரத்தில் சேர்க்கவேண்டும். நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஓர் அலுவலர் உண்டு, விளையாட்டுக்கு உண்டு, இணைப்புக்கு இல்லை. நண்பர் தன் உணவு இடைவேளையில் இதைச் செய்கிறார். அவர் மாற்றலாகிப் போனால் ரூட்டரின் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். இப்படி நல்லவர்களின் உணவு இடைவேளையில் தொங்கிக்கொண்டிருக்கும் ஏற்பாடுகளால்தான் நம் கல்லூரிகள் நடக்கின்றன என்பதை எல்லோரும் அறிவோம், யாரும் சொல்வதில்லை.

இப்போதைக்கு நூலக வாசலில் ஒரு நீளக் குறிப்பேட்டைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். தேதி, நேரம், அமர்ந்திருந்த இடம், பக்கத்துக் கணினி இணைந்ததா, முகவரி எண் என்ன என்று ஐந்து பத்திகள். குறிப்பேட்டின் பொறுப்பை அந்தச் சவ்வாது மலை மாணவியே கேட்டு வாங்கிக்கொண்டாள். முதல் பக்கத்தில் 14 பதிவுகள். ஒன்பதாவது அவள் கையெழுத்தில் இருக்கிறது: பிற்பகல் 2.40, தமிழ்த்துறை, பக்கத்துக் கணினி இணைந்தது, எண் சரியாக உள்ளது, ஐயாவின் கணினி மட்டும் இணையவில்லை, தேதி தவறாக இருக்கிறது.